ஜான் ஷா பில்லிங்ஸின் கடிதங்களும் கோப்புகளும்: எங்கிருந்து தொடங்குவது?

செந்தாமரை_நூலகவியல் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நூலகவியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஒரு நூலக இயக்குநரின் பணி வாழ்க்கையை எடுத்துக்கொண்டு, மற்றவர்கள் எழுதிய புத்தகங்களோடு நின்றுவிடாமல் அவருடைய சொந்தக் கடிதங்கள், குறிப்புகள், அலுவலகக் கோப்புகள் இவற்றையும் வைத்து ஒரு கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். வகுப்பில் பாதிப் பேர் ரங்கநாதன், மீதிப் பேர் டூயி. நான் நியூயார்க் பொது நூலகத்தின் முதல் இயக்குநர் ஜான் ஷா பில்லிங்ஸை எடுத்திருக்கிறேன்.

இவரை எடுக்கக் காரணம், இவர் நூலகத்துக்கு வந்த வழிதான். 1838-ல் இண்டியானாவில் பிறந்து, மருத்துவம் படித்து, உள்நாட்டுப் போரில் ராணுவ அறுவை மருத்துவராக இருந்து, அப்புறம் வாஷிங்டனில் ராணுவத்தின் மருத்துவ நூலகத்தை முப்பது வருடம் வளர்த்து, ஓய்வு பெற்றுப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சுகாதாரவியல் பேராசிரியராக இருந்தவரை நியூயார்க்காரர்கள் கூப்பிட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள். 57 வயதில் புதிதாக ஒரு வேலையைத் தொடங்கி, 1913-ல் சாகும்வரை அதிலேயே இருந்திருக்கிறார்.

என்னுடைய சந்தேகங்கள்: நியூயார்க் போக எனக்கு வழியில்லை, இங்கிருந்தே எவ்வளவு தூரம் போக முடியும்? இயக்குநரின் சொந்தத் தாள்கள் என்பதும் நூலகத்தின் அலுவலகக் கோப்பு என்பதும் ஒன்றுதானா? அப்புறம், ஐந்தாம் அவென்யூவில் இருக்கும் அந்தப் பெரிய கட்டடத்தை இவர்தான் வரைந்தார் என்று ஓரிடத்திலும், கட்டடக்கலை நிறுவனம் வரைந்தது என்று இன்னோரிடத்திலும் போட்டிருக்கிறது. எது சரி? தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.

பெட்டி_உறை எழுதியது:

செந்தாமரை, நல்ல ஆளைப் பிடித்திருக்கிறீர்கள். நான் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தின் ஆவணக் காப்பகத்தில் வேலை பார்க்கிறேன், தனிமனிதர்களின் தாள்களைப் பிரித்து உறையில் போட்டு விவரப்பட்டியல் எழுதுவதுதான் தினசரி வேலை, அதனால் உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்.

இரண்டும் ஒன்றில்லை. இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்து ஒருவர் எழுதியதும் பெற்றதும் நிறுவனத்தின் சொத்து. அவர் மனைவிக்கு எழுதியது, நண்பர்களிடமிருந்து வந்தது, நாட்குறிப்பு, போர்க்காலக் கடிதம், இதெல்லாம் அவருடையது அல்லது குடும்பத்துடையது. காப்பகங்களும் இதை இரண்டாகத்தான் வைக்கின்றன: சொந்தத் தாள்கள் கையெழுத்துப் பிரதிகள் பிரிவில் ஒரு தொகுப்பாக இருக்கும், இயக்குநர் அலுவலகக் கோப்புகள் நூலகத்தின் நிறுவன ஆவணங்களில் தனியாக இருக்கும். ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு இவ்வளவுதான் என்று எழுதினால் பாதி மனிதர்தான் கிடைப்பார். பில்லிங்ஸ் விஷயத்தில் இது இன்னும் கொஞ்சம் சிக்கல், ஏனென்றால் அவருக்கு வாஷிங்டன் வாழ்க்கை ஒன்று, நியூயார்க் வாழ்க்கை ஒன்று. மருத்துவ நூலகக் காலத்தைச் சேர்ந்தவற்றை, அந்த நூலகமே வளர்ந்து உருவான தேசிய மருத்துவ நூலகத்தில்தான் தேட வேண்டும். அது மேரிலாந்தில் பெதஸ்டாவில் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. இணையத்தில் அவர் பெயரோடு தாள்கள் என்று சேர்த்துத் தேடினால் தென் கரோலினா பல்கலைக்கழகத்தில் ஒரு பெரிய தொகுப்பு வந்து நிற்கும். அது இவருடையதில்லை! அதே பெயர் கொண்ட பேரனுடையது. அவர் லைஃப் பத்திரிகையின் முதல் நிர்வாக ஆசிரியர், நாட்குறிப்புகளை ஏராளமாக எழுதிக் குவித்தவர். தாத்தாவைப் பற்றி அதில் அங்கங்கே இருக்கலாம், ஆனால் உங்களுக்கு அது தொடங்கும் இடமில்லை. 1913-க்குப் பிந்தைய தேதி கண்ணில் பட்டால் உடனே உஷாராகிவிடுங்கள்.

இப்போது முதல் கேள்வி. பெட்டிகளுக்குப் போகும்முன் ஃபீல்டிங் காரிசன் 1915-ல் வெளியிட்ட நினைவு நூலைப் படியுங்கள். காப்புரிமை முடிந்துவிட்டது, இன்டர்நெட் ஆர்க்கைவில் முழுதாகக் கிடைக்கும். காரிசன் வாஷிங்டன் மருத்துவ நூலகத்தில் வேலை பார்த்தவர், பில்லிங்ஸின் கடிதங்களை நீளம் நீளமாக அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார். முக்கியமாக 1863-ல் சான்ஸலர்ஸ்வில், கெட்டிஸ்பர்க் களங்களிலிருந்து மனைவி காதரினுக்கு எழுதியவை. கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாத காலம் அது. இரவும் பகலும் அறுவை செய்து உடம்பும் மனமும் ஓய்ந்துபோய்விட்டது என்று கெட்டிஸ்பர்க்கிலிருந்து எழுதுகிறார். பிற்காலத்தில் நியூயார்க்கில் இவரைப் பார்த்தவர்கள் கடுகடுப்பானவர், பேச்சே குறைவு என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கடிதங்களைப் படித்தபின் அந்தக் குறைந்த பேச்சை நான் வேறு விதமாகத்தான் பார்க்கிறேன்.

அடுத்து ஹாரி மில்லர் லைடன்பர்க் 1924-ல் எழுதிய வாழ்க்கை வரலாறு. அவர் பில்லிங்ஸிடம் உதவியாளராக இருந்து, பின்னால் தானே நியூயார்க் நூலகத்துக்கு இயக்குநர் ஆனவர். சீடர் எழுதியது என்பதை மனதில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும், ஆனால் அலுவலகம் எப்படி நடந்தது என்பது அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

மூன்றாவதை யாரும் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன். நியூயார்க் நூலகத்தின் புல்லட்டின் இதழ். 1897-ல் வரத் தொடங்கியது. இயக்குநர் அறிக்கைகள் அதில் அச்சாகியிருக்கின்றன: எத்தனை புத்தகம் வந்தது, எத்தனை பட்டியல் அட்டை எழுதினார்கள், எத்தனை பேர் வந்து படித்தார்கள் என்று. வறட்டுத் தாள்தான். ஆனால் ஒரு இயக்குநர் தன் நேரத்தை எதில் செலவழித்தார் என்பதற்கு அதைவிட நேர்மையான சாட்சி கிடையாது. பழைய தொகுதிகள் ஹாதிட்ரஸ்ட் என்ற மின்னூலகத்தில் இருக்கின்றன.

இவ்வளவையும் முடித்தபின் விவரப்பட்டியலைப் பாருங்கள். எந்தப் பெட்டியில், எந்த உறையில், எந்த வருடக் கடிதம் என்று அதில் இருக்கும். குறிப்பிட்ட ஒரு உறை வேண்டும் என்று தெளிவாகக் கேட்டால் பல காப்பகங்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு நகல் எடுத்து அனுப்புகின்றன. எல்லாம் வேண்டும் என்று கேட்டால் எந்தக் காப்பகத்தாலும் ஒன்றும் செய்ய முடியாது.

கட்டட விஷயத்தை நூலகத்தைப் பற்றி நன்றாகத் தெரிந்தவர்கள் யாராவது சொல்லட்டும்.

லாஃபயெட்_தெரு எழுதியது:

கட்டடத்தைப் பற்றி நான் சொல்கிறேன். அங்கே பல வருடம் உட்கார்ந்து படித்தவன்.

இரண்டுமே சரிதான். 1895 மே 23-ல் ஆஸ்டர் நூலகம், லெனாக்ஸ் நூலகம், டில்டன் அறக்கட்டளை மூன்றையும் ஒன்றாக்கித்தான் இந்த நூலகம் பிறந்தது. ஆஸ்டரில் புத்தகத்தை வீட்டுக்குக் கொடுக்க மாட்டார்கள், லெனாக்ஸ் அருங்காட்சியகம் மாதிரி, டில்டனிடம் பணம் மட்டும் இருந்தது. பில்லிங்ஸ் 1896-ல் வந்து சேர்ந்தபோது கையில் இருந்தது நகரின் இரு வேறு இடங்களில் இரண்டு பழைய கட்டடம், ஒன்றோடொன்று பொருந்தாத இரண்டு பட்டியல். அதை வைத்துக்கொண்டு 15 வருடம் நடத்தியிருக்கிறார். கட்டடம் கட்டியதைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள், இந்த 15 வருடத்தைப் பற்றி எழுத ஆளில்லை.

புதுக் கட்டடத்துக்கு எது எங்கே இருக்க வேண்டும் என்பதை ஒரு துண்டுத் தாளில் கோடு போட்டுக் காட்டியவர் அவர்தான். அதில் இருந்த யோசனை இதுதான்: புத்தக அடுக்குகள் ஏழு தளமாகக் கீழே, அதன் தலைமேல் மிகப் பெரிய வாசிப்பு அறை, புத்தகம் கீழிருந்து நேராக மேலே வர வேண்டும், வாசகர் தெருச் சத்தத்துக்கு மேலே, வெளிச்சத்தில் உட்கார வேண்டும். அந்தக் காலத்தில் பெரிய நூலகம் என்றால் நடுவில் ஒரு மண்டபம், சுற்றிலும் புத்தகம் என்றுதான் யோசிப்பார்கள். அதன் பிறகு 1897-ல் போட்டி வைத்து, கரேர் அண்ட் ஹேஸ்டிங்ஸ் நிறுவனம் தேர்வாகியது. பளிங்கு, தூண், படிக்கட்டு எல்லாம் அவர்களுடையது. உள்ளே வேலை எப்படி ஓடும் என்பது பில்லிங்ஸுடையது. மருத்துவமனை கட்டத் திட்டம் போட்ட ஆள் அவர், பால்டிமோர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் திட்டம் அவருடையதுதான். நோயாளி எந்த வழியாக வருவார், காற்று எப்படிப் போகும் என்று கணக்குப் போட்ட கைக்குப் புத்தகம் எந்த வழியாக வரும் என்று கணக்குப் போடுவது இயல்பாகத்தான் வந்திருக்கும்.

அந்த யோசனை வேலை செய்ததா என்பதற்குச் சான்று திறப்பு விழாவுக்கு மறுநாள் கிடைத்தது. 1911 மே 23-ல் ஜனாதிபதி டாஃப்ட் வந்து திறந்துவைத்தார். மறுநாள் காலை பொதுமக்களுக்குத் திறந்ததும் ஒருவர் சீட்டு எழுதிக் கொடுத்தார். கேட்டது ரஷ்ய மொழிப் புத்தகம், நீட்சேயையும் டால்ஸ்டாயையும் பற்றி க்ரோட் என்பவர் எழுதியது. சீட்டு போனது 9 மணி 8 நிமிடம், புத்தகம் கைக்கு வந்தது 9 மணி 14 நிமிடம். ஆறு நிமிடம். சீட்டைக் காற்றுக் குழாயில் போட்டுக் கீழே அனுப்புவார்கள், கீழே இருப்பவர் அடுக்கிலிருந்து எடுத்து மேலே ஏற்றுவார். இவ்வளவுக்கும் முதல் நாள் வேறு!

ஆனால் செந்தாமரை, நான் உங்கள் இடத்தில் இருந்தால் கட்டடத்தை விட்டுவிட்டுக் கிளை நூலகங்களைத்தான் எடுப்பேன். 1901 மார்ச் 12-ம் தேதியிட்டு ஆண்ட்ரூ கார்னகி பில்லிங்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். எஃகுக் கம்பெனியை விற்ற கையோடு எழுதியது. நாம் இரண்டு பேரும் பேசிக்கொண்டபடி 65 கிளைகள், ஒன்றுக்கு 80,000 டாலர், மொத்தம் 52 லட்சம் டாலர் தருகிறேன், நகரம் நிலம் கொடுத்துப் பராமரிப்புச் செலவையும் ஏற்க வேண்டும் என்று. கடிதம் கார்னகியுடையதாக இருக்கலாம், அதில் உள்ள கணக்கு அவராகப் போட்டதில்லை. அந்தப் பேச்சில் எதிரே உட்கார்ந்து கிளை எத்தனை, ஒன்றுக்கு எவ்வளவு என்று சொன்னவர் பில்லிங்ஸ். பணத்தில் நகரின் மற்றப் பகுதிகளான புரூக்லினுக்கும் குவீன்ஸுக்கும் பங்கு போனது, நியூயார்க் பொது நூலகத்தின் எல்லைக்குள் மட்டும் 39 கிளைகள் எழுந்தன. முதலாவது யார்க்வில் கிளை, 1902 டிசம்பரில் திறந்தது. அவற்றில் பல இன்றும் நூலகமாகவே நடக்கின்றன.

பெரிய வாசிப்பு அறைக்கு ஆராய்ச்சிக்காரர்கள் வந்தார்கள். கிளைக்கு வந்தது தையல்கடை வேலை முடித்து வந்த பெண்ணும், ஆங்கிலம் இன்னும் பழகாத குடும்பத்துப் பிள்ளையும். இயக்குநரின் வேலையை அளக்க எனக்கு இந்த இரண்டாவதுதான் முக்கியம்.

பெட்டி_உறை எழுதியது:

லாஃபயெட் சொன்ன கடிதத்தோடு ஒன்றைச் சேர்க்கிறேன். கார்னகி எழுதியது ஒரு பக்கம்தான். அதற்கு முன்னால் பில்லிங்ஸ் என்ன எழுதிக் கொடுத்தார் என்பதுதான் சுவை. அந்தக் காலத்து அலுவலகங்களில் வெளியே போகும் கடிதத்துக்கு நகல் எடுக்க ஒரு தடித்த நோட்டு வைத்திருப்பார்கள். வெங்காயத் தோல் மாதிரி மெல்லிய தாள், அதை லேசாக நனைத்து, மை காயாத கடிதத்தின் மேல் வைத்து இரும்பு அழுத்தியில் முறுக்குவார்கள். மை ஊறி மறுபக்கம் தெரியும். படிக்கக் கண் வலிக்கும், பல பக்கங்களில் எழுத்து ஊதா நிறத்தில் பரவிப்போயிருக்கும். ஆனால் வந்த கடிதங்களை மட்டும் வைத்துக்கொண்டு எழுதும் வரலாற்றில் எப்போதும் எதிராளியின் குரல்தான் கேட்கும். இயக்குநரின் குரல் வேண்டுமானால் இந்த நகல் நோட்டுகளைத் தேட வேண்டும். 1890-கள், 1900-கள் காலத்து அலுவலகத் தொகுப்பு எதைப் பார்த்தாலும் முதலில் இதைக் கேளுங்கள்.

டாக்டர்_வேல் எழுதியது:

நான் நூலகத்துறை இல்லை, மருத்துவர். ஆனால் பில்லிங்ஸ் எங்கள் ஆள் என்று நினைப்பவன், அதனால் வாஷிங்டன் காலத்தை இப்படி ஒரு வரியில் தாண்டிப் போவது எனக்கு ஒப்பவில்லை. அவர் நியூயார்க்கில் செய்த எல்லாவற்றுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

சின்சினாட்டியில் மருத்துவம் படித்தபோது வலிப்பு நோய்க்கு அறுவை சிகிச்சை செய்வது பற்றிப் பட்டத்துக்கான கட்டுரை எழுதினார். அதற்கு முன்னால் யார் யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடி நூலகம் நூலகமாக அலைந்தும் முழுதாகக் கிடைக்கவில்லை. நாட்டில் எங்கேயும் ஒரு முழு மருத்துவ நூலகம் இல்லை, எந்தக் கட்டுரை எந்த இதழில் என்று சொல்லும் பட்டியலும் இல்லை. 1860-ல் பட்டம் வாங்கியவர் இந்தக் குறையை மறக்கவே இல்லை. போர் முடிந்தபோது ராணுவ மருத்துவமனைகளில் மிஞ்சிய பணம் சுமார் 80,000 டாலர் திரும்பி வந்தது. அதைப் புத்தகம் வாங்கச் செலவழிக்க அவருக்கு அனுமதி கிடைத்தது. சில ஆயிரம் புத்தகங்களாக இருந்தது அவர் விட்டுப்போகும்போது லட்சத்தைத் தாண்டியிருந்தது. அந்த நூலகம் பல வருடம் இருந்த இடம் எது தெரியுமா? லிங்கன் சுடப்பட்ட ஃபோர்ட் தியேட்டர் கட்டடம்.

அப்புறம் பட்டியல். 1879-ல் ராபர்ட் ஃபிளெட்சரோடு சேர்ந்து, புதிதாக வரும் மருத்துவக் கட்டுரைகளைப் பட்டியலிடும் இன்டெக்ஸ் மெடிகஸ் இதழைத் தொடங்கினார். 1880-லிருந்து 1895 வரை நூலகத்தின் அட்டவணையை 16 தொகுதிகளாகக் கொண்டுவந்தார். புத்தகம் மட்டுமில்லை, இதழ்களில் வந்த கட்டுரைகளும் பொருள்வாரியாக. அது எப்படி நடந்தது என்றால், வந்து குவியும் மருத்துவ இதழ்களை வீட்டுக்கு எடுத்துப்போய், ராத்திரி உட்கார்ந்து எதையெல்லாம் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று பென்சிலால் குறிபோடுவார். மறுநாள் எழுத்தர்கள் அதை அட்டையில் எழுதுவார்கள். இன்று நான் பப்மெட்டில் நோயின் பெயரைத் தட்டி ஒரு நொடியில் கட்டுரைகளைப் பார்க்கிறேன் என்றால், அந்த வம்சாவளி நேராக அந்தப் பென்சில் குறிக்குத்தான் போகிறது. நியூயார்க்கில், புத்தகங்களை எண்களால் வகைப்படுத்தும் டூயி முறையை எடுத்துக்கொள்ளாமல் எழுத்துகளை வைத்துத் தனியாக ஒரு பகுப்பு முறையை அவரே வகுத்ததையும் இந்த அனுபவத்தோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

பெட்டி_உறை சார், உங்களிடம் ஒரு கேள்வி. பில்லிங்ஸைப் பற்றிய முக்கியமான இரண்டு சங்கதிகள் அவர் எழுதியதாகவே இல்லையே. துளை அட்டை இயந்திரம் பற்றிய யோசனை: ஒரு ஞாயிறு மாலை பில்லிங்ஸ் வீட்டுத் தேநீர் மேசையில், மக்கள்தொகையைக் கூட்டிப் பிரிக்கும் இயந்திரத்தனமான வேலைக்கு ஒரு இயந்திரம் இருக்க வேண்டும் என்று அவர் சொன்னதாக ஹெர்மன் ஹாலரித் 1919-ல் ஒரு கடிதத்தில் எழுதினார். பில்லிங்ஸ் இறந்து ஆறு வருடம் கழித்து. ஹாலரித்தின் இயந்திரம் 1890 கணக்கெடுப்பில் ஓடியது, அவர் கம்பெனி பின்னால் ஐபிஎம்மில் போய்ச் சேர்ந்தது. இன்னொன்று, மருத்துவர் வில்லியம் ஆஸ்லரை ஜான்ஸ் ஹாப்கின்ஸுக்குக் கூப்பிட்ட கதை. பில்லிங்ஸ் ஆஸ்லரின் அறைக்குள் வந்து, உட்காரக்கூட இல்லாமல், மருத்துவப் பிரிவைப் பொறுப்பேற்கிறீர்களா என்று கேட்டார், ஆஸ்லர் சரி என்றார், விவரத்தை (ஜான்ஸ் ஹாப்கின்ஸிலிருந்த) வெல்ச்சிடம் பேசிக்கொள்ளுங்கள் என்று பில்லிங்ஸ் கிளம்பிவிட்டார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லையாம். இதையும் ஆஸ்லர்தான் சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் சொந்தத் தாள்களை மட்டும் வைத்து எழுது என்று மாணவர்களிடம் சொல்வது சரியா?

பெட்டி_உறை எழுதியது:

டாக்டர், சரியான இடத்தில் தொட்டீர்கள். சொந்தத் தாள்களை மட்டும் வைத்து எழுதினால் எந்த இயக்குநரும் முழுதாகக் கிடைக்க மாட்டார், அதிலும் பில்லிங்ஸ் மாதிரி குறைவாகப் பேசியவர் கிடைக்கவே மாட்டார். அவர் ஒரு மாலையில் சொன்ன வார்த்தை கேட்டவருக்கு வாழ்க்கையாக ஆனது. சொன்னவருக்கு அது குறித்துவைக்கிற அளவுக்குப் பெரிதாகத் தோன்றியிருக்காது. அதனால் கேட்டவரின் கடிதத்தில் இருக்கிறது, சொன்னவரின் தாளில் இல்லை. ஹாலரித் மாதிரி பல வருடம் கழித்து ஒருவர் நினைவிலிருந்து எழுதினால் அதன் எடையைக் கொஞ்சம் குறைத்துத்தான் பார்க்க வேண்டும் என்பதும் உண்மை. அதற்காகத் தள்ளிவிட வேண்டியதில்லை. யார் எழுதியது, எப்போது எழுதியது என்று பக்கத்திலேயே போட்டுவிட்டு எழுதலாம்.

செந்தாமரை_நூலகவியல் எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. காரிசன் நூலை இறக்கி கெட்டிஸ்பர்க் கடிதங்கள் வரை படித்துவிட்டேன். லாஃபயெட் அண்ணா சொன்ன மாதிரி கிளை நூலகங்களை எடுத்துக்கொள்கிறேன். 1901-லிருந்து 1911 வரை போதுமா, இல்லை அதுவும் அகலமா? அந்தச் சமயத்தில் கிளைகளைப் பார்த்துக்கொண்டவர்கள் யார் என்று தெரிந்தால் அவர்களுடைய பக்கத்தையும் தேடுவேன்.

லாஃபயெட்_தெரு எழுதியது:

பத்து வருடம் செமினாருக்கு அகலம். 1901-லிருந்து 1906 வரை வையுங்கள். 1901-ல் நியூயார்க் ஃப்ரீ சர்குலேட்டிங் லைப்ரரி என்ற பழைய கிளை அமைப்பு இவர்களோடு இணைந்தது, அதுவே பெரிய கதை. முன்பு அந்த அமைப்பைப் பார்த்துக்கொண்டிருந்த ஆர்தர் பாஸ்ட்விக் இங்கேயும் கிளைப் பிரிவின் தலைவராக இருந்தார், 1909-ல் செயின்ட் லூயிஸ் போய்விட்டார். அவர் நிறைய எழுதியவர், தன் வாழ்க்கையையும் எழுதிவைத்திருக்கிறார், அதைப் படித்தால் பில்லிங்ஸின் கீழே வேலை பார்ப்பது எப்படி இருந்தது என்பது வேறு கோணத்தில் தெரியும். 1906-ல் குழந்தைகள் பிரிவுக்கு ஆன் கரோல் மூர் வந்தார். அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள், அவர் வந்த பிறகு கதை அவருடையதாகிவிடும்.

பெட்டி_உறை எழுதியது:

ஆமாம், 1901–1906 நல்ல அளவு. புல்லட்டினில் அந்த ஆறு வருட இயக்குநர் அறிக்கைகளை முதலில் வரிசையாகப் படித்துவிட்டு, சந்தேகம் எழும் மாதங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த மாதங்களின் உறைகளை மட்டும் கேட்டுக் காப்பகத்துக்கு எழுதலாம். அனுப்பும் முன் கடிதத்தை இங்கே போடுங்கள், எந்தத் தொகுப்பு, எந்தப் பெட்டி என்று சரியாக இருக்கிறதா என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.